இருமல் பெஞ்சு

திலகவதி டீச்சர் சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும். பொன்னேரி கடைத்தெருவில் கால் கிலோ கத்தரிக்காய் கேட்பார். காய் விற்கிற குப்பம்மாள் காதைத் தேய்த்துக்கொண்டு, “இன்னாத்துக்கு டீச்சர் கத்தறீங்க, பக்கத்துல தானே கீறேன்” என்பாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. தகரக் கூரைக்கு அடியில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று வருஷமாகப் பாடம் நடத்திய தொண்டை அது. மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அதற்கு மறந்து போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொண்டைக்கு வீட்டில் ஒரு வேலையும் கிடையாது. அப்பா வீரராகவன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. அம்மா ஜானகியம்மாள் முந்தின வருஷம் மார்கழியில் போனார். தம்பி பெங்களூரில் இருக்கிறான். வயலைக் குத்தகைக்கு விட்ட கையோடு அவனுக்கும் ஊருக்கும் பேச்சு முடிந்தது. டீச்சர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. அதற்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து இரும்புக் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலை ரயிலில் யாராவது “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று சொல்லும்வரை அவரிடம் பேச ஆள் கிடையாது. சனி, ஞாயிறு இன்னும் மோசம். திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை வரும்போது தொண்டை துருப்பிடித்த கீல்போல் கரகரக்கும்.

காலையில் பொன்னேரியில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்குவார். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தொழிற்பேட்டையைத் தாண்டி, கடைசியில் இருக்கிற காலனிக்குள் போனால் பள்ளிக்கூடம். ஒரு காலத்தில் அங்கே எல்லாரும் நாற்று நடுகிறவர்களும் அறுக்கிறவர்களும்தான். நிலமெல்லாம் ஆலையான பிறகு அவர்களுடைய பிள்ளைகள் ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். பேரப் பிள்ளைகள் திலகவதி டீச்சரிடம் படிக்கிறார்கள்.

அந்தப் பள்ளிக்கு முன்பு ஒரு ஓட்டுக் கட்டடம் இருந்தது. நல்ல கட்டடம் என்று பொய் சொல்ல மாட்டேன். உத்திரம் உளுத்து, சுவர் விரிசல் விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வகுப்புப் பெஞ்சின் மேல் ஒரு கூடை சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. உடனே இடித்துத் தள்ளினார்கள். அதில் மட்டும் அரசாங்கம் சுறுசுறுப்பு. புதுக் கட்டடம் வரும்வரை பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டபோது, பக்கத்தில் இரும்பு உருக்கும் ஆலைக்காரர்கள் பெரிய மனசு பண்ணித் தகர ஷெட் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகம், மூன்று மாதம்தான் என்றார்கள். நம் ஊரில் தற்காலிகம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கு ஆயுசு கெட்டி. புதுக் கட்டடத்துக்கு அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு மழையில் கரைந்து இப்போது அங்கே ஆடு மேய்கிறது.

வெயில் காலத்தில் பத்து மணிக்கெல்லாம் தகரம் சூடேறிவிடும். மத்தியானம் சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்தால், பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிடும். சோம்பேறித்தனம் இல்லை, அந்தப் புழுக்கத்தில் பெரியவர்களுக்கே தலை நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் இன்னொரு கூத்து. தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் வாய் அசைவதுதான் தெரியும். அன்றைக்கு டீச்சர் பலகையில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதும். மழையும் வெயிலும் இல்லாத நாளில் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகள். கொட்டும்போது தரையே அதிரும். கூடவே கரித்தூள் பறந்து வரும். தட்டில் சோறு போடுவதற்கு முன்னால் தட்டைத் துடைக்க வேண்டும், சோறு போட்ட பிறகு மூடவும் வேண்டும்.

ஷெட்டுக்கு ஜன்னல் என்று தகரத்தில் நாலு சதுரம் வெட்டி வலை அடித்திருந்தார்கள். தூள் தாங்க முடியாமல் ஆலைப் பக்கத்து ஜன்னல்களை டீச்சரே ஒரு பழைய கல்யாண பேனரால் மூடிவிட்டார். யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் வருஷம் முழுவதும் கைகூப்பிப் பிள்ளைகளை வரவேற்றுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு நல்ல காற்று வருகிற இடம் என்று ஒன்றுதான் மிச்சம், மேற்குப் பார்த்த வாசல். வாசலுக்கு வெளியே பத்தடியில் லாரி போகும் ரோடு.

அந்த வாசலோரத்தில்தான் டீச்சர் ஒரு பெஞ்சு போட்டார். கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது அவர் கொண்டுவந்த ஏற்பாடு அது. எந்தப் பிள்ளை இருமினாலும் சரி, எழுந்து போய் அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். நன்றாகக் காற்றோட்டமாக இருக்கும், மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டாது. இருமல் நின்றால் பழைய இடத்துக்கு வரலாம். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். பார்வையிட வந்த அதிகாரி, நல்ல யோசனை மேடம் என்று பாராட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் அதற்கு இருமல் பெஞ்சு என்று பெயர் வைத்தார்கள். யாரும் இதில் ஒரு தப்பும் பார்க்கவில்லை.

பிள்ளைகள் போவார்கள், இரண்டு நாளில் திரும்பி வருவார்கள். பிரின்சி மட்டும் திரும்பவில்லை.

பிரின்சி, மோனிகாவின் பெண். மோனிகா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவள். புருஷன் எட்வர்ட் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறான், வாரத்துக்கு ஒருநாள் வந்தால் உண்டு. பிரின்சி இரண்டாம் வகுப்பில் இருந்தபோதே டீச்சருக்கு அவள் மேல் தனிப் பிரியம். பிள்ளைகளில் பேதம் பார்க்கக் கூடாதுதான், டீச்சரும் மனுஷிதானே. காலையில் டீச்சர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஓடிவந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வழியில் பார்த்த போர்டுகளையெல்லாம் ஒப்பிக்கும். எழுத்து என்று எதைப் பார்த்தாலும் அதற்குப் படித்தாக வேண்டும். சுண்டல் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாது. ஒரு நாளில் டீச்சரிடம் பாடத்தைத் தவிர வேறு விஷயம் பேசுகிற ஒரே ஜீவன் அதுதான். நேற்று என்ன குழம்பு டீச்சர், உங்க ஊட்டுல யாரு கீறாங்க டீச்சர், தனியாப் படுத்தா பயமா இருக்காதா டீச்சர் என்று கேட்கும். பயமெல்லாம் இல்லை என்று டீச்சர் சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், கேட்க ஒருத்தி இருக்கிறாளே என்று.

பாடத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரித்து நடத்துகிறார்கள் இப்போது. அரும்பு என்றால் இன்னும் எழுத்தே பிடிபடாத பிள்ளை. மலர் என்றால் சரளமாகப் படிக்கும். பிரின்சி சேர்ந்த நாளிலிருந்து மலர்தான். நாலாம் வகுப்பில், ஆடி மாதத்துக் காற்றில் அவளுக்கு இருமல் பிடித்தது. பெஞ்சுக்குப் போனாள். இருமல் நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டானிக் கொடுத்தார்கள், அதற்கும் நிற்கவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியது. அரையாண்டுக்குள் மலர் மொட்டாகி, மொட்டு அரும்பாகிவிட்டது. சொல்வதை எழுதச் சொன்னால் பாதியை விட்டுவிடுவாள், மீதியைத் தப்பாக எழுதுவாள். கேள்வி கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். கொஞ்ச நாளில் போர்டுகளை ஒப்பிப்பதும் நின்றது.

ஒருநாள் டீச்சர் பொறுமை இழந்து, ஏன் எழுதவில்லை என்று அதட்டினார்.

“கேக்கல டீச்சர்.”

“கவனிச்சாத்தானே கேக்கும்” என்றார் டீச்சர். எந்த டீச்சரும் சொல்கிற வார்த்தைதான். பிரின்சி அதற்குப் பிறகு அதைச் சொல்லவே இல்லை.

மோனிகாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் நைட் ஷிப்டு முடிந்து, தூக்கக் கண்ணோடு வந்து நின்றாள். வீட்டில் பெண் நன்றாகத்தான் படிக்கிறாள் என்று சொன்னாள், கேஸ் சிலிண்டரில் இருக்கிற எழுத்தைக்கூட விடுவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை இருமலே இல்லையாம், திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தால்தான் ஆரம்பிக்கிறதாம். டீச்சருக்கு இதைக் கேட்டு ஒரு முடிவுதான் தோன்றியது. இருபத்தெட்டு வருஷ சர்வீசில் அவர் பார்க்காத வயிற்றுவலியா, காய்ச்சலா? பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளைக்குத் திங்கட்கிழமை எல்லா வியாதியும் வரும். சிறப்புப் பயிற்சி ஆசிரியர் வருவார், குழந்தைக்குப் புத்தி எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று மோனிகாவிடம் சொன்னார். நல்லதற்குத்தான் சொன்னார்.

மோனிகாவின் முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. திரும்பிப் போனாள். அடுத்த வாரம் டி.சி. கேட்டு வந்தாள்.

அக்கா சாராள் பொன்னேரியில் இருக்கிறாள், அவள் வீட்டில் விட்டு அங்கேயே பள்ளியில் சேர்க்கப் போகிறேன் என்றாள். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மாவை விட்டுப் பிள்ளை எப்படி இருக்கும் என்றார். நடுவருஷத்தில் மாற்றினால் படிப்பு இன்னும் போகும் என்றார். குரல் தானாக உயர்ந்துகொண்டே போயிற்று. மோனிகா கேட்டு முடித்துவிட்டு, நிதானமாகத்தான் பேசினாள்.

“எங்கம்மா உங்கள மாதிரி நெலக்காரங்க ஊட்டுக்குக் கூலி வாங்கப் போனா, ஓரமா நிக்கச் சொல்வாங்களாம் டீச்சர். இப்ப எம்பொண்ணு ஸ்கூல்ல ஓரமா குந்திக்கினு கீது. இன்னா மாறிப்போச்சு?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. “இருமினா எல்லாரும்தான் அங்க உக்கார்றாங்க மோனிகா. யாரு என்னன்னு பார்த்து நான் உக்கார வைக்கல.”

“எல்லாரும் ஏந்து வந்துட்டாங்க. அது மட்டும் ஏந்து வரலியே.”

டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரின்சி பையை மாட்டிக்கொண்டு வாசலோரம் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பைப் பிடிக்க வரவில்லை. டீச்சரும் கூப்பிடவில்லை. அன்று ரயிலில் வரும்போது, மனசாரச் செய்தது ஒன்று இப்படியா போய் முடிய வேண்டும் என்று அவருக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. என் ஜாதியைப் பார்த்து என்னை இப்படிச் சொல்லிவிட்டாளே என்று மோனிகா மேல்தான் கோபம். வீட்டுக்கு வந்தும் அந்தக் கோபத்தைச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு தோசை வார்த்தார், ஒன்றை அப்படியே வைத்துவிட்டார்.

இது நடந்து பத்துப் பதினைந்து நாள் போனது. கத்திக் கத்தி ஏற்கெனவே தேய்ந்திருந்த தொண்டை ஒரு காலையில் முற்றாகக் கட்டிக்கொண்டது. காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை. கூடவே இருமல். நல்லவேளையாக, வருஷத்தில் பாதி நாள் வேறு அலுவலகத்தில் மாற்றுப் பணி என்று இருக்கிற இன்னொரு ஆசிரியர் சரவணன் அன்று பள்ளிக்கு வந்திருந்தான். நீங்கள் பேசாமல் உட்காருங்கள் மேடம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு இருமல் இருமினார். முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று எழுந்து, டீச்சர் இருமுகிறார், பெஞ்சில் குந்த வேண்டும் என்றது. ஷெட்டே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டம் போட்டவர் தானே முதலில் மதிக்க வேண்டும் என்று எழுந்து போய் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மூன்று வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சரவணன் சொல்வதை எழுதச் சொன்னான். சும்மா இருப்பானேன் என்று டீச்சரும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். மரம் என்றான், எழுதினார். அடுத்த வார்த்தையை அவன் சொல்லும்போது ஒரு லாரி போயிற்று. அதற்கடுத்த வார்த்தைக்கு இரும்பு கொட்டினார்கள். பிறகு ஒரு வார்த்தை அம்மா போலவும் இருந்தது, சும்மா போலவும் இருந்தது. தலைக்கு மேல் காற்றாடி வேறு கடகடவென்று. சரவணனின் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறேழு வரிசைக்கு முன்னால் பிள்ளைகள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தன. மரத்தோடு டீச்சரின் கல்வி முடிந்தது. அந்தத் தாளை அவரே திருத்தியிருந்தால், அரும்பு என்று போட்டிருப்பார்.

அதைப் பார்த்த பிறகும் அவர் எழுந்துவிடவில்லை. சாயந்தரம்வரை அங்கேயே உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு மேல் வெயில் வாசல் வழியாக நேரே முகத்தில் அடித்தது. திரும்பிப் பலகையைப் பார்த்தால் கண் கூசி வெறும் வெள்ளைதான். புழுக்கத்துக்கு வந்த காற்று ரோட்டுத் தூளையும் அள்ளிக்கொண்டு வந்தது. தாளின் மேல் கறுப்பாகப் படிந்தது. ஊதினார், மறுபடி படிந்தது. பள்ளி விடும்போது கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். கைக்குட்டையில் கரி. நல்ல காற்று வரும் என்று பிள்ளையைக் கொண்டுபோய், அந்த ஷெட்டிலேயே கெட்ட காற்று வருகிற இடத்தில் அல்லவா உட்கார வைத்திருக்கிறோம்? இருமல் நின்றால் எழுந்து வரலாம் என்று வேறு சொன்னோமே, அங்கே இருக்கிறவரை எப்படி நிற்கும்? கேட்கவில்லை என்று வாயைத் திறந்து சொன்னதே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயை அடைத்தது யார்?

மறுநாளே பெஞ்சை இழுத்து நடுவில் போட்டார். தன் மேஜையையும் நாற்காலியையும் வாசலோரத்துக்கு மாற்றிக்கொண்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவருக்கே தெரியும். ஆலை மேனேஜரைப் போய்ப் பார்த்து, பள்ளி நேரத்தில் இரும்பு கொட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். அவர் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து, இன்னொரு காற்றாடி வேண்டுமா மேடம் என்று கேட்டார். மேலதிகாரிகளுக்கு எழுதினார், ஃபைல் நகர்கிறது என்றார்கள். எனக்கு வயிறு எரிவது இதில்தான். ஒரு பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று எழுத ஆயிரம் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கூரைக்குக் கீழே யாருக்கும் படிப்பு வராது என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பிரின்சியிடம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் தவித்துப் போனார். திரும்பக் கூப்பிட அல்ல. அந்த ஷெட்டுக்கு எந்த முகத்தோடு கூப்பிடுவது? தப்பு உன்மேல் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் பள்ளி விட்டதும் மோனிகாவின் வீட்டுக்குப் போனார். பூட்டியிருந்தது, ஷிப்டுக்குப் போய்விட்டாள். பூட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். பிள்ளை இருப்பதோ இவருடைய ஊரான பொன்னேரியில்தான். சேர்ந்திருக்கும் பள்ளி, டீச்சர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆனால் அந்தப் பள்ளி மணி அடிக்கும்போது இவர் கும்மிடிப்பூண்டியில் இருப்பார். இவர் திரும்பி வந்து இறங்கும்போது அந்தப் பள்ளியின் கேட் சாத்தியிருக்கும். சாராள் வீடு எது என்று விசாரித்துப் போக மனசு வரவில்லை. மோனிகா கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே இருந்தது. ஓரத்தில் உட்கார வைத்தபோது ஜாதி நினைப்பு இல்லை என்பது சத்தியம். ஆனால் ஓரத்தில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது கண்ணை உறுத்தவில்லையே, அது எப்படி என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இரவில் டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், சீசன் டிக்கெட் புதுப்பிக்க ஸ்டேஷனுக்குப் போனார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறோம் என்று பிளாட்பாரத்தில் கொஞ்சம் நடந்தார். அப்போது ஒரு குரல் கேட்டது. ஒரு பிள்ளை கதை படிக்கிற குரல். நரி என்ன சொன்னது, கொக்கு என்ன சொன்னது என்று குரலை மாற்றி மாற்றி, ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் போய்க்கொண்டிருந்தது. பார்க்காமலே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

சிமெண்ட் பெஞ்சில் மோனிகா, அவளை ஒட்டிப் பிரின்சி, அந்தப் பக்கம் பெரியம்மா சாராள். வாராவாரம் பெண்ணைப் பார்க்க வருகிற மோனிகா ஊருக்குத் திரும்ப ரயிலுக்குக் காத்திருந்தாள். பிரின்சியின் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மடியில் பள்ளி நூலகத்துப் புத்தகம். டீச்சரைப் பார்த்ததும் படிப்பு நின்றது. எழுந்தாள். புத்தகத்தை மூடிக்கொண்டு, அம்மாவையும் பெரியம்மாவையும் விட்டு விலகி, பெஞ்சின் கோடிக்குப் போய், கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இருமல் ஒன்றும் இல்லை.

“எதுக்குடி அங்க போற?” என்றாள் மோனிகா.

“டீச்சர் வந்தா இங்க தானே குந்தணும்” என்றாள் பிரின்சி.

மோனிகா டீச்சரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டீச்சருக்கு நின்ற இடத்திலேயே உயிர் போய்விட்டது போலிருந்தது. மெல்ல நடந்து, பெஞ்சின் கோடிக்குப் போய், பிரின்சிக்கும் வெளிப்பக்கமாக மீந்திருந்த சாண் அகல இடத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார்.

“அந்தப் பெஞ்ச எடுத்துட்டேன் பிரின்சி. இப்ப அங்க யாரும் உக்கார்றதில்ல. என் நாற்காலியத்தான் போட்டுருக்கேன்.”

பிரின்சி வாயிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசிக்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

“அங்க உங்களுக்குக் கேக்குதா டீச்சர்?”

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. “இல்லடா கண்ணு” என்றார். “ஒண்ணும் கேக்கல.”

மோனிகா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரயில் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பிரின்சி, டீச்சர் விழுந்துவிடாமல் இருக்க ஒரு சாண் உள்ளே தள்ளி இடம் விட்டாள், புத்தகத்தைப் பிரித்து, கதையை முதலிலிருந்து, டீச்சருக்குக் கேட்க வேண்டும் என்று நல்ல சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.